இறைச்சியைத் துண்டாக வாங்குங்கள், வீட்டில் அரையுங்கள்

பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் சொசேஜஸ் வைத்து அனுப்புகிற அம்மாமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் மூன்று வருடம் அப்படித்தான் அனுப்பினேன். விடிய எழும்பிப் புட்டு அவித்து, கறி வைத்து, பிள்ளைகளையும் வெளிக்கிடுத்த வேண்டும் என்றால் பக்கெற்றை வெட்டித் தாச்சியில் போடுவதுதான் கைக்கு வரும். அதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, சொசேஜஸ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. நாளாந்தம் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் சாத்தியம் ஏறத்தாழ 18 வீதம் கூடும் என்றும் சொன்னது. எப்போதாவது ஒன்று சாப்பிடுவதைப் பற்றிய கணக்கு அல்ல அது. தினமும் சாப்பிடுவதைப் பற்றியது. எங்கள் வீட்டில் அது தினமும்தான் நடந்துகொண்டிருந்தது.

சரி, அரைத்த இறைச்சியைக் கடையில் வாங்கிச் செய்வோம் என்று தொடங்கினேன். ஒருநாள் வாங்கி வந்ததைத் தாச்சியில் போட்டதும் பாதி தண்ணீரும் கொழுப்புமாகக் கழன்றது. அரைத்த பிறகு அது தொடையா, சவ்வா, நேற்று மிஞ்சியதா என்று யாருக்குத் தெரியும்? அன்று மாமி வீட்டுப் பரணில் கிடந்த, இறைச்சி அரைக்கிற இரும்பு மெசினை இறக்கினேன். மேசை விளிம்பில் திருகாணியால் பூட்டிக் கையால் சுற்றுகிற பழைய சாமான். 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் போன காலத்திலும் அது சுற்றியது. ஃப்ரீசரில் சேர்த்து வைத்த இறைச்சியெல்லாம் பழுதாகிப்போன அந்த நாட்களில்தான், அன்றன்று தேவையானதை மட்டும் வாங்கி அரைத்து அன்றே சமைக்கப் பழகினேன். இப்போதும் அதுதான் என் வழக்கம்.

இப்போது கடையில் தம்பி, “அக்கா, அரைச்சுத் தரட்டோ?” என்று கேட்டால், “இல்லைத் தம்பி, துண்டாவே தாங்கோ” என்று சொல்லிவிடுவேன்.

இதில் ஒரு காரணம் இருக்கிறது. முழுத் துண்டு இறைச்சியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அரைத்தால் அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் அரைத்த ஆட்டிறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசும், கோழி 74 பாகையும் தொட வேண்டும் என்கிறார்கள். எங்கள் கட்லற் முறை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. முதலில் இறைச்சியை உள்ளி, பெருஞ்சீரகம், மிளகாய்த்தூள் போட்டு நன்றாக வதக்கி வேகவைத்து, பிறகுதானே உருளைக்கிழங்கோடு பிசைந்து உருட்டிப் பொரிக்கிறோம்? பச்சை இறைச்சியைத் தட்டிப் போடுகிற பேர்கரைவிட இது பாதுகாப்பானது. பேர்கர் செய்கிறவர்கள் நடுவில் சிவப்புத் தெரியாவிட்டால் போதும் என்று இருந்துவிடாமல், ஒரு வெப்பமானி வாங்கிக் குத்திப் பாருங்கள்.

அரைக்க முன்னர் இறைச்சியை விரல் மொத்தத்தில் வெட்டி அரை மணித்தியாலம் ஃப்ரீசரில் வையுங்கள். மெசினின் தலையையும் கூடவே வைக்கலாம். சூடேறினால் கொழுப்பு உருகிப் பூசினதுபோல ஆகிவிடும். சவ்வு, நரம்பு எல்லாம் முதலே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கத்தியில் சுற்றிக்கொள்ளும். மிக்சியில் அரைக்கலாமா என்று மச்சாள் கேட்டாள். நிறையப் போட்டால் கூழாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு அடித்தால் சமாளிக்கலாம், ஆனால் மெசினில் வருகிற பதம் வராது.

செலவைப் பாருங்கள். போன மாதம் 1 கிலோ 600 கிராம் கோழி வாங்கி, தோலும் எலும்பும் நீக்கி நிறுத்துப் பார்த்தேன். 850 கிராம் தனி இறைச்சி கிடைத்தது. எலும்பு அன்றிரவே சூப்பாகியது. இறைச்சியை அன்றே அரைத்து, பாதியில் முருங்கையிலை போட்டு வறை செய்தேன், மற்றப் பாதி கட்லற்றாகி அடுத்த நாளும் போனது. அதே காசுக்குச் சொசேஜஸ் வாங்கியிருந்தால் இத்தனை நேரச் சாப்பாட்டுக்கு வந்திராது.

ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடும்போதுதான் மெசினின் அருமை முழுதாகத் தெரியும். பங்கு என்றால் எல்லாம் வரும்: தொடையும் வரும், கழுத்தும் வரும், நெஞ்செலும்பும் வரும். நல்ல துண்டெல்லாம் கறிக்குப் போய்விடும். பிள்ளைகள் கடித்துத் துப்புகிற கடினமான கழுத்துச் சதை முன்பு நாய்க்குப் போனது. இப்போது அதுதான் றோல்ஸுக்குள் போகிறது. கொஞ்சம் கொழுப்போடு அரைத்தால் கழுத்தைவிட ருசியான சதை இல்லை என்பது என் கருத்து.

அதற்காகச் சிவப்பிறைச்சியை வாரம் முழுக்கச் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஆட்டிறைச்சி வாரத்தில் ஒரு நாள்தான்.

மெசின் கழுவுவதுதான் சோம்பல் தருகிற வேலை. கடைசியில் ஒரு துண்டுப் பாணை விட்டுச் சுற்றினால் உள்ளே ஒட்டியது வெளியே வந்துவிடும். பிறகு சவர்க்காரத்தோடு சுடுதண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தொட்டு வையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஈரமாக அதில் விட்டால் அடுத்த நாளே கறள் பிடித்து, வெள்ளையும் படிந்துவிடும்.

வருகிற தீபாவளிக்கு எங்கள் ஒழுங்கையில் பங்கு போடுகிறார்கள். மெசினைக் கேட்டு இப்போதே இரண்டு வீட்டார் சொல்லிவைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் வேண்டுமென்றால் மத்தியானத்துக்குப் பிறகு வாருங்கள், கழுவித் தருகிறேன்.