இன்சுலின் போட்டுக்கொண்டே டார்வினைத் திட்டுகிறவர்கள்

எல்லா உயிரும் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை என்கிற டார்வினின் பரிணாமக் கொள்கையைக் கிண்டல் பண்ணி, எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றி வரும். "குரங்கிலிருந்து மனுஷன் வந்தான் என்றால், பாபநாசத்தில் பையைப் பிடுங்குகிற குரங்கு ஏன் இன்னும் மனுஷன் ஆகவில்லை?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அனுப்புகிறவர் என் பெரியப்பா. தங்கமான மனிதர், பல வருஷச் சர்க்கரைக்காரர், காலையும் ராத்திரியும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். அதனால்தான் இந்தப் பதிவு.

குரங்குக் கேள்விக்குப் பதில் நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். பங்குனி உத்திரத்துக்குக் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். மும்பையிலிருந்து ஒரு குடும்பம், தூத்துக்குடியிலிருந்து ஒரு குடும்பம். முன்னே பின்னே பார்த்ததில்லை. பேச்சுக் கொடுத்தால் நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரே வீடு என்று தெரிகிறது. மும்பைக்காரர் தூத்துக்குடிக்காரருக்குப் பிறந்தவர் இல்லையே! குரங்கும் அப்படித்தான், நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. கிளை பிரிந்தது சுமார் 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்.

இனி இன்சுலின். 1922-ல் முதல் நோயாளிக்குப் போட்டதிலிருந்து அறுபது வருஷம் அதை மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். 51 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம் அது. நம் இன்சுலினுக்கும் பன்றியினுடையதற்கும் வித்தியாசம் ஒரே ஓர் இடத்தில். மாட்டோடு ஒப்பிட்டால் மூன்று இடத்தில். மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்று. அந்த ஒற்றுமையால்தான் அந்தக் காலத்துச் சர்க்கரைக்காரர்கள் பிழைத்துக் கிடந்தார்கள்.

1978-ல் விஞ்ஞானிகள் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஆய்வகத்தில் செய்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள். நம் குடலில் குடியிருக்கிற அதே இனம்தான். அதனிடம் பிளாஸ்மிட் என்று வளையம்போல ஒரு டிஎன்ஏ உண்டு. அதை ஒரு நொதியால் வெட்டி, நமக்கு வேண்டியதைச் சொருகி, இன்னொரு நொதியால் ஒட்டிவிடுவார்கள். நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும் ஜீவன், பெருகப் பெருக இன்சுலினையும் செய்துகொண்டே போகும். 1982-ல் அது மருந்தாக அனுமதி வாங்கியது. இப்போது ஈஸ்ட்டை வைத்தும் செய்கிறார்கள், பதநீரைக் கள்ளாக்குகிற அதே ஈஸ்ட்.

போனில் இதைச் சொன்னேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏல, அந்தப் பூச்சிக்குக் கணையமும் கிடையாது, சர்க்கரை வியாதியும் கிடையாது. நம்ம மரபணுவை அதுக்கு எப்படிலே வாசிக்கத் தெரியுது?" என்றார்.

நீட் கோச்சிங்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பதில் இதுதான். டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் எல்லா உயிரும் வாசிக்கிறது. மொத்தம் 64 கூட்டு. எந்தக் கூட்டுக்கு எந்த அமினோ அமிலம் என்ற பட்டியல், சில்லறை விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால், வாழைக்கும் வவ்வாலுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றே. அந்தப் பட்டியலை அவிழ்த்ததற்காகத்தான் ஹர் கோவிந்த் குரானாவுக்கும் இன்னும் இருவருக்கும் 1968-ல் நோபல் கொடுத்தார்கள். தனித்தனியாக முளைத்த உயிர்கள் என்றால் இத்தனை பொருத்தம் எப்படி வரும்? எல்லாம் ஒரு மூதாதையின் சொத்து. பெரியப்பாவின் ஃப்ரிட்ஜில் இருக்கிற மருந்தே பரிணாமத்துக்குச் சாட்சி.

சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமமும் உயிரித்தொழில்நுட்பமும் அடுத்தடுத்த பாடங்கள். ஆனாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல நடத்திவிட்டுப் போகிறோம். மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2023-ல் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தையே எடுத்துவிட்டது. அடிப்படையைக் கழற்றிவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மரபணு மாற்றம் என்றாலே விஷம் என்கிற நண்பர்களுக்கும் ஒன்று. மூடிய தொட்டியில் செய்து, சுத்தம் பண்ணி வருகிற புரதம் வேறு. வயலில் நிற்கிற பயிர் வேறு. 2010-ல் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்ததைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பெரியப்பா விடவில்லை. "சரி, அந்த முதல் உயிரு எங்கேருந்துலே வந்துச்சு?"

அது வேறு கேள்வி. 1859-ல் டார்வின் எழுதியது, உயிர் வந்த பிறகு எப்படிக் கிளைத்தது என்பதைத்தான். முதல் செல் எப்படி உண்டானது என்பது இன்னும் முடியாத ஆராய்ச்சி. 1953-ல் ஸ்டான்லி மில்லர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றைக் குடுவைக்குள் அடைத்து மின்பொறி பாய்ச்சியபோது அமினோ அமிலங்கள் கிடைத்தன. நம் பிள்ளைகள் இந்த நான்கையும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மில்லர் பத்திரப்படுத்தியிருந்த பழைய குப்பிகளை, அவர் இறந்த பிறகு, அவருடைய மாணவர் உட்பட்ட குழு புதிய கருவிகளால் அலசி, 2008-ல் முடிவை வெளியிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. அமினோ அமிலத்திலிருந்து செல்லுக்கு இன்னும் எத்தனையோ படி. அதையும் பெரியப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன்.