தனியாள் என்றால் வீடில்லாதவளா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு, தீபாவளி நெருங்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் பணிப்பட்டியலில், பண்டிகைக்கு முந்தைய மாலைக்கு எதிரே திருமணமாகாத எங்கள் பெயர்கள் மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். மற்றவர்களின் பெயர்கள், அழித்து மாற்றிக்கொள்ள வசதியாகப் பென்சிலில் இருக்கும். காரணம் கேட்டால், "உனக்கென்னம்மா, பிள்ளையா குட்டியா?" என்கிறார் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். பிள்ளை இல்லைதான். ஆனால், நடமாட முடியாத அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், முறுக்கு பிழிவதும், வருகிறவர்களுக்குப் பலகாரம் எடுத்து வைப்பதும் நான் ஒருத்திதான்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்குச் சலுகை தருவதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வளர்ந்து கோலாலம்பூருக்குப் போய்விட்ட தம்பதியருக்கும் அதே சலுகை என்பதுதான் உறுத்துகிறது.

வருமான வரியிலும் இதே கதைதான். வருமானமில்லாத துணைக்கு 4,000 ரிங்கிட் வரிக் கழிவு உண்டு. தாய், தந்தை ஒவ்வொருவருக்கும் 1,500 ரிங்கிட் என 2016இல் வந்த பராமரிப்புக் கழிவோ 2020உடன் நின்றுவிட்டது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்குக் கழிவு இருக்கிறது, உண்மை. அவர்கள் உண்ணும் அரிசிக்கும் பருப்புக்கும் இல்லை.

விடுமுறை நாள் வேலைக்குக் கூடுதல் சம்பளம் கிடைக்கிறதே என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்தப் பணம் வேண்டுவோர் தாமாக முன்வரட்டும். மீதி நாள்களை மணமானவர், ஆகாதவர் என்று பாராமல் எல்லாருக்கும் சுழற்சி முறையில் பகிர்ந்து எழுதுங்கள்.