கேள்வியை அழித்துவிட்டால் பதில் சொன்னதாகிவிடுமா, சேர்?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லோரும் பார்த்ததுதானே, நான் வேறு எதற்கு என்று. ஆனால் நேற்று இரவு நமது மலையக ஆய்வாளர் சேர் போட்ட "முகநூலில் கூவுவது ஆய்வாகாது" பதிவையும், அதற்குக் கீழே நம்மவர்களே வரிசையில் வந்து தட்டிவிட்டுப் போன கைதட்டல்களையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி கேட்டது ஒரே ஒரு கேள்வி. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வரிசை அறைகளுக்குப் பதிலாகக் கட்டிய தனி வீடுகள் பற்றிய சேரின் ஆய்வு அவருடைய பக்கத்தில் நேரலையில் போகிறது. எத்தனை அறை, எத்தனை சதுர அடி, கூரை என்ன, தண்ணீர் வருகிறதா என்று ஸ்லைட் மேல் ஸ்லைட். அவள் கொமெண்டில் கேட்டாள்: இந்த வீடுகளில் எத்தனைக்குக் காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்திருக்கிறது, அது யார் பெயரில் இருக்கிறது, உங்கள் அட்டவணையில் அதைக் காணோமே சேர்? கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனக்கு வந்த பதில் கடிதத்தையும் படமெடுத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் கொமெண்டைக் காணோம். அப்புறம் அவளையே புளொக் பண்ணிவிட்டார்கள். திட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை, "சேர்" என்றுதான் கூப்பிட்டாள்.

கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். என் பதிவு இவ்வளவுதான், நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம்.

அது ஓரத்துக் கேள்வியும் இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, உள்ளே இருக்கும் சனம் யாருடையது என்று இன்றைக்கும் தெளிவில்லை. ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுத்தாலும் காணியை விடுவித்து உறுதி எழுதித் தராவிட்டால் அந்த வீட்டை வைத்து வங்கியில் ஒரு கடன் எடுக்க முடியாது, நாளைக்கு யாராவது எழும்பு என்றால் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. பெண் பெயரில் இல்லாவிட்டால் அவள் பாடு இன்னும் மோசம். வீட்டுத் திட்டத்தை ஆய்வு செய்பவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஏ.எல். முடித்த ஒரு பிள்ளை போனில் தட்டிக் கேட்டிருக்கிறாள். அதுதான் சுடுகிறது போல.

"முறையாக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருக்கலாமே" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அனுப்பினாள் அண்ணா. பதில் வரவில்லை. அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) ஒரு அரசாங்க அலுவலகமே 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் கந்தோர் ஒன்று ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குத் தமிழில் பதில் போட்டிருக்கிறது, நமது ஆய்வாளர் போடவில்லை. இதில் யாரை முறை தெரியாதவர் என்பது?

இன்னொருவர், "ஏஐயிடம் கேட்டு எழுதியிருப்பாள்" என்கிறார். சரி, கிளி ஜோசியக்காரனின் கிளியே எடுத்துக் கொடுத்த கேள்வியாக இருக்கட்டும். பதில் என்ன?

நான் கெம்பஸில் இருந்த காலத்தில் எங்கள் லயத்துக்கும் ஆய்வு வந்தது. அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்காமல் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். காலையில் என்ன சாப்பாடு, கழிவறை எத்தனை குடும்பத்துக்கு ஒன்று, கணவர் குடிப்பாரா. குடிக்க மாட்டார் என்றார் அம்மா. சுத்தப் பொய். அப்பா இப்போது இல்லை, அதனால் சொல்கிறேன். அந்தப் பொய் எந்த அட்டவணையில் எத்தனை வீதமாகப் போய் உட்கார்ந்ததோ தெரியாது. பிறகு ஒரு நாள் அந்தக் கட்டுரை இணையத்தில் கண்ணில் பட்டது. சுருக்கம் மட்டும் இலவசம், முழுவதும் வாசிக்க 40 டொலர். 2021, ஆயிரம் ரூபா நாள் சம்பளத்தைப் போராடி வாங்கிய வருடம், டொலர் 200 ரூபா. அம்மா சொன்னதை அம்மாவே வாசிக்க எட்டு நாள் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட வேண்டும், அதிலும் ஒரு நாள் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால் ஒன்பது. ஆய்வுக் கட்டுரைகள் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று 2002இலேயே புடாபெஸ்ட் பிரகடனம் வந்துவிட்டது. எங்கள் இஸ்தோப்புக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அதே இணையம்தான் "நூலகம்" என்ற தமிழ் மின்னூலகத் தளத்தையும் தந்தது. 2005இலிருந்து சம்பளம் பெரிதாகப் பார்க்காத பிள்ளைகள் ஸ்கேன் பண்ணிப் போட்ட பழைய மலையகப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் என் வகுப்புப் பிள்ளைகள் இன்று போனில் திறந்து வாசிக்கிறார்கள், கோயில் மேட்டில்தான் சிக்னல் வரும் என்றாலும். கொழும்பு நூலகத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போய் வாசலில் நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அப்படி வாசித்து வளர்ந்த பிள்ளைதான் இவள். வாசிக்கவும் வேண்டும், ஆனால் கேட்கக் கூடாது என்றால் எப்படி?

மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரைப் பற்றி மேடைகளில் சேர் அழகாகப் பேசுவார், நானே கேட்டிருக்கிறேன். தோட்டம் தனியார் காணி, வெளியாள் நுழைந்தால் அத்துமீறல் என்றிருந்த காலத்தில் நடேசய்யர் புடவை வியாபாரி வேஷம் போட்டு உள்ளே போய் லயத்துச் சனத்தோடு பேசினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அன்றைக்கு உள்ளே பேச்சைக் கொண்டுபோக வேஷம் வேண்டியிருந்தது. இன்றைக்கு உள்ளே இருப்பவளின் பேச்சு வேஷமில்லாமல் வெளியே வருகிறது, அதை ஒரு விரல் அழுத்தத்தில் அழிக்கிறோம். யார் அழிப்பது? துரையா? நாம்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு கிலோ ஏன் கழித்தீர்கள் என்று கேட்ட பொம்பளைக்குக் கிடைத்த மரியாதைதான் இது, கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

"பக்கம் அவருடையது, அழிக்க அவருக்கு உரிமை உண்டு." உண்டு. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த ஆய்வு அவர் வீட்டு டயறி இல்லையே. நாளைக்கு அது பரிந்துரையாகி அமைச்சுக்குப் போகும், அதை வைத்து யாருக்கு என்ன என்று தீர்மானிப்பார்கள்.

"இணையத்தில் எவ்வளவு வெறுப்பு, திகனவை மறந்துவிட்டீர்களா" என்று கேட்பார்கள், தெரியும். மறக்கவில்லை. 2018 மார்ச்சில் பேஸ்புக்கிலும் பரவிய முஸ்லிம் வெறுப்பில் எங்கள் கண்டி மாவட்டத்தில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, பேஸ்புக்கே 2020இல் மன்னிப்புக் கேட்டது. அன்றும், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் சமூக வலைத்தளங்களை முடக்கினார்கள். விஷயம் தெரிந்தவன் விபிஎன் போட்டுக்கொண்டான். கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனோடு பேச முடியாமல் தவித்தது லயத்தில் இருந்த அம்மாமார்தான். அது கிடக்கட்டும், காணி உறுதி எங்கே என்று கேட்பதற்கும் திகனவுக்கும் என்ன சம்பந்தம்?

2024 ஜனவரி 24ஆம் திகதி இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்று நிறைவேறியபோது, எது பொய் என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவா என்று சேர் கொதித்து எழுதினார். நான் அதைப் பகிர்ந்தேன். அரசாங்கம் ஐந்து பேரை வைத்துச் செய்தால் கருத்துச் சுதந்திரத்துக்கு ஆபத்து, நீங்கள் தனியாளாக இருந்து செய்தால் பக்க நிர்வாகமா?

எனக்கு வலிப்பது இதுவும் இல்லை. "நம்ம ஆள், நாமே இழுக்கலாமா" என்று உள்பெட்டியில் வந்து சொல்கிறார்களே, அதுதான். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது நம்மைப் பற்றி நம்மைத் தவிர எல்லோரும் பேசினார்கள். பேச ஒருவர் வந்தார், பிறகு அவருக்குத் தொழிற்சங்கச் சந்தா கட்டினோம், பிறகு அவருடைய வாரிசுக்கும் கட்டினோம். இப்போது படித்த ஆள் ஒருவர் வந்தால் அவரையும் கேள்வி கேட்கக் கூடாதாம். நம்ம ஆளிடம் கேட்காமல் நான் வேறு எந்த ஆளிடம் போய்க் கேட்பது? அந்தப் பிள்ளை இரவு போன் எடுத்து "டீச்சர், நான் ஏதும் பிழையாகக் கேட்டுட்டேனா" என்றாள். இவ்வளவு கடிதம் எழுதி, இவ்வளவு தேடி, கடைசியில் அவள் கேட்டது அது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நான் அரசாங்க ஆசிரியை, அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை என்று ஒன்று இருக்கிறது, சமூக வலைத்தளத்தில் கருத்துச் சொல்லும் அரச ஊழியர்களுக்காக 2022 செப்டெம்பரில் சுற்றறிக்கையும் வந்தது. சேரின் பெயரை நான் எங்கும் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

அவளுக்கு வந்த கடிதத்தை, அவளது பெயரையும் முகவரியையும் மறைத்து, முதல் கொமெண்டில் போட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் சேமித்துக்கொள்ளுங்கள். சேருக்கும் கொமெண்ட் பெட்டி திறந்துதான் இருக்கிறது, என்னைத் திட்டி எழுதினாலும் அழிக்க மாட்டேன். அம்மாவைப் பற்றி யாராவது எழுதினால் மட்டும் அழிப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.