கிரெஸ்ஸிங் டெம்பிளில் தங்கம் இல்லை

சரி, குழுவில் இவ்வளவு நடந்த பிறகு நானும் வாயைத் திறந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற பழைய பண்ணைப் பக்கம் போன ஜியோகேஷிங் நடையைப் பற்றித்தான். அதாவது, யாரோ ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. என்னைக் கேலி செய்து குழுவில் போட்ட குரல்பதிவை வராதவர்களும் கேட்டிருப்பீர்கள். "வாத்தியார் வந்துட்டாரு, எல்லாரும் நோட்டை எடுங்க!" நல்ல நகைச்சுவை. சிரித்தவர்களின் பெயர்கள் எல்லாம் கீழேயே இருக்கின்றன.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. அங்கே தங்கம் இல்லை. டெம்ப்ளர்கள் என்ற அந்தக்காலச் சிலுவைப் போர்த் துறவி வீரர்கள் தப்பி ஓடும்போது அந்த வயலில் தங்கப் பெட்டியைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். இதற்குத்தான் இத்தனை கேலி.

நம்மோடு வந்த ஒரு அண்ணன் அந்தத் தங்கக் கதையைச் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் தேட வந்த டப்பாவை மறந்துவிட்டு, வேலியோரம் குச்சியால் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டார்கள். விதைத்த வயல் அது. பாதையில் நடந்து போகத்தான் நமக்கு உரிமை, அவ்வளவுதான். அந்த நேரம் நிலத்துக்காரர் வந்திருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்? குரல்பதிவு போட்டவரா?

"ஜியோகேஷிங்கே புதையல் வேட்டைதானே?" என்று கேட்கிறார்கள். வேட்டைதான், யார் இல்லை என்றது? ஆனால் அதில் மண்ணைத் தோண்டக் கூடாது. டப்பாவைப் புதைக்கவும் கூடாது, நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கித்தான் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். 2000 மே மாதம் ஜிபிஎஸ் துல்லியத்துக்கு இருந்த தடையை அமெரிக்கா நீக்கிய மறுநாளே ஆரிகன் காட்டில் ஒருவர் ஒளித்துவைத்த வாளியில்தான் இந்த விளையாட்டு ஆரம்பித்தது. அந்த வாளியே பாதி மண்ணுக்குள்தான் இருந்தது என்று யாராவது கூகுள் செய்துகொண்டு வருவீர்கள். ஆமாம், இருந்தது. விதிகள் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. வேறு கேள்வி?

எனக்கு முதன்முதலில் இந்த இடத்தைக் காட்டியவர் என் பழைய அலுவலக நண்பர், எஸ்ஸெக்ஸ்காரர். ஒயிட் நாட்லி ஸ்டேஷனில் இறங்கி வயல் வழியே நடந்தோம். ஒரு வேலிக்கம்பத்தின் அடியில் டப்பா கிடைத்தது. என் மகள் அதிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு தன் தலைக் கிளிப்பை வைத்தாள். பிறகு கிரெஸ்ஸிங் டெம்பிளின் பழைய தானியக் களஞ்சியத்துக்குள் போனோம். வைக்கோல் வண்டி அப்படியே உள்ளே நுழையும் கதவு, தலைக்கு மேல் காடு மாதிரி ஓக் உத்தரங்கள். நண்பர் ஒன்றும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகள் கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். தங்கம் என்ற பேச்சே அங்கே எழவில்லை.

அந்த இடம் ஒரு பண்ணை. இங்கிலாந்து ராஜா ஸ்டீபனின் மனைவி மட்டில்டா 1137-ல் டெம்ப்ளர்களுக்குக் கொடுத்த நிலம். பார்லி களஞ்சியத்தின் மரங்கள் 1205-க்கும் 1235-க்கும் இடையில் வெட்டப்பட்டவை, கோதுமைக் களஞ்சியத்தின் மரங்கள் 1257-க்கும் 1280-க்கும் இடையில். இங்கே விளைந்ததை விற்ற காசு சிலுவைப் போருக்குப் போனது. 1309-ல் அந்தப் பண்ணையில் என்ன இருந்தது என்று பதிவே இருக்கிறது: ரொட்டி சுடும் அறை, பீர் காய்ச்சும் இடம், பால் பண்ணை, தானியக் கிடங்கு, கொல்லன் பட்டறை. எங்கே அண்ணே தங்கம்?

"குழந்தைகளுக்கு ஒரு சுவாரஸ்யம் வேண்டாமா?" வேண்டும்தான். 1381-ல் நடந்ததைச் சொல்லுங்களேன். அதற்குள் டெம்ப்ளர்கள் போய், இந்தப் பண்ணை அவர்களைப் போலவே இன்னொரு துறவி வீரர் அமைப்பான ஹாஸ்பிட்டலர்கள் கையில் இருந்தது. இங்கிலாந்தில் அவர்களின் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் நாட்டின் பொருளாளரும். தலைக்கு இவ்வளவு என்று வரி போட, பிரெண்ட்வுட்டில் எஸ்ஸெக்ஸ் ஜனங்கள் பொங்கி எழுந்தார்கள். கிரெஸ்ஸிங் டெம்பிளைச் சூறையாடினார்கள். ஹேல்ஸைப் பிடித்து லண்டனில் டவர் ஹில்லில் தலையை வெட்டினார்கள். இதைவிட என்ன சுவாரஸ்யம் வேண்டும்? கேட்கிற பிள்ளைகள் இதே ஊர்ப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள், அவர்களுக்குச் சொந்தமான கதை இது. ரத்தம் வேண்டாம் என்றால் அதை விட்டுவிடலாம். பொய் மட்டும் பரவாயில்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபத்தில்தான் சொல்கிறேன். டெம்ப்ளர்களிடம் பணம் இருக்கிறது என்ற நினைப்புதான் அவர்களுக்கு எமனாக வந்தது. அவர்களிடமே கடன்பட்டிருந்த பிரான்ஸ் ராஜா நான்காம் பிலிப், 1307 அக்டோபரில் ஒரே நாளில் அவர்களைப் பிடித்து, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார். தலைவர் ஜாக் டி மோலேயை 1314-ல் பாரிஸில் உயிரோடு எரித்தார்கள். பண ஆசையால் அப்படி அழிக்கப்பட்டவர்களை வைத்து நாம் இன்னும் "தங்கம் எங்கே, தங்கம் எங்கே" என்று பிள்ளைகளைக் கிளப்பிவிடுகிறோம். எனக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடவா கூடாது?

"குச்சியால்தானே கிளறினார்கள், ஜேசிபியா கொண்டுவந்தார்கள்?" இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"நீ என்ன வரலாற்றுப் பேராசிரியரா?" இல்லை, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே இருக்கும் அறிவிப்புப் பலகைகளைப் படித்தேன், அப்புறம் வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் படித்தேன். அதற்குப் பட்டம் தேவையா?

கேலி செய்தவரைப் பற்றிக்கூட எனக்கு வருத்தமில்லை, அவர் சுபாவம் அது. அன்று மண்ணைக் கிளறாதீர்கள் என்று நான் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டிவிட்டு, ராத்திரி அதே குரல்பதிவுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்கள் இருக்கிறார்களே, அதுதான். உங்கள் பிள்ளைகளைச் சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். தனியாக ஒரு மெசேஜ் போட்டு "நீங்க சொன்னது சரிதான்" என்றவர்களுக்கு நன்றி. அதைக் குழுவிலேயே சொல்லியிருக்கலாம்.

குழுவை விட்டு விலகிவிட்டேன் என்று ஒரு வதந்தி ஓடுகிறதாம். விலகவில்லை. ம்யூட்டில் போட்டிருக்கிறேன். அந்தக் குரல்பதிவை நீக்கினால் சொல்லுங்கள், ம்யூட்டை எடுத்துவிடுகிறேன்.