பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் மதம் இல்லையா?
அமெரிக்காவில் கவுன்டி (மாவட்டம்) வாரியாக எந்த மதத்தவர் எத்தனை பேர் என்று சொல்லும் இந்தக் கட்டுரையில், சபைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்கள் எல்லாம் மதத்தை விட்டவர்கள் என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. நான் இருப்பது பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுன்டியில், இங்கே ஆமிஷ் (நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவு) வீட்டுப் பிள்ளைகள் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு மூன்று மணி நேரம் வழிபாட்டில் உட்கார்ந்தாலும், வளர்ந்து தாங்களே விரும்பி ஞானஸ்நானம் எடுக்கும்வரை சபை உறுப்பினர் கிடையாது. வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள் என்றால் எத்தனை பேர் விடுபடுவார்கள் பாருங்கள். தேவாலயக் கட்டடமும் இல்லை, வீடு மாற்றி வீடு கூடுவார்கள், பெஞ்சுகளை ஏற்றிய சாம்பல் நிறக் குதிரை வண்டி யார் வாசலில் நிற்கிறதோ அங்கேதான் அந்த வாரம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மதத்தைக் கேட்பதில்லை, பதில் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் கவுன்டி வாரியான கணக்கு பெரும்பாலும் சபைகள் தரும் எண்களை நம்பித்தான் இருக்கிறது, அதிலும் உறுப்பினர் வேறு, பிள்ளைகளையும் சேர்த்த எண்ணிக்கை வேறு. பின்னூட்டத்தில் ஒருவர் கத்தோலிக்கர் எண்ணிக்கை மட்டும் எப்படி இவ்வளவு அதிகம் என்று கேட்டிருக்கிறார்: அங்கே கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். அப்புறம் எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், ஹாரிஸ்பர்க் நகரப் பக்கம் இருக்கும் இந்துக் கோயிலுக்கு மாதம் ஒருமுறையாவது போகிறோம், எந்தப் பதிவேட்டிலும் நாங்கள் இல்லை.