பழைய ரோமானிய நாணயம் என்றாலே பல லட்சமா?

"1,700 ஆண்டுப் பழைமையான ரோமானிய நாணயம், அபூர்வம், பல லட்சம் பெறும்" என்று படத்தோடு பரவும் செய்தி தவறு. வயது விலையைத் தீர்மானிப்பதில்லை. அக்காலச் சிறு செப்புக் காசுகள் ஏராளமாக அச்சிடப்பட்டவை. 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் மட்டும் 52,503 ரோமானியக் காசுகள் கிடைத்தன. தேய்ந்தவை இன்றும் மிகக் குறைந்த விலைக்கே விற்கின்றன.

அபூர்வமாக இருந்தால் மட்டும் போதாது, தேடுபவர்களும் வேண்டும். கி.பி. 69இல் மூன்றே மாதம் ஆண்ட ரோமப் பேரரசர் ஓத்தோவின் வெள்ளிக் காசுக்கு நல்ல விலை. 'பன்னிரண்டு சீசர்கள்' எனப்படும் ஜூலியஸ் சீசரும் அவரையடுத்த முதல் பதினொரு பேரரசர்களுமான அனைவரின் காசுகளையும் வரிசையாகச் சேர்ப்பவர்களுக்கு அவர் கட்டாயம் வேண்டும். அதைவிட அரிதான சிறு நகரங்களின் காசுகள் பல மலிவாகவே கிடைக்கின்றன.

ஜூலியஸ் சீசர் கொலையைக் கொண்டாடும், கொலையாளிகளில் ஒருவரான புரூட்டஸின் தங்கக் காசு 2020இல் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அது முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டும் பூர்வீக ஆவணம் போலி என்று தெரிந்ததும், 2023இல் அது கிரேக்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது.