இசே ஆலயம் நகல் அல்ல

ஜப்பானின் இசே ஆலயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவது எப்படிப் பழமையாகும்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பழமை மரத்தில் மட்டும்தான் இருக்கிறது என்ற இந்த எண்ணத்தை நான் ஏற்கவில்லை.

690-இல் தொடங்கிய வழக்கம் அது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் நின்றுபோய், மீண்டும் தொடர்ந்தது. பக்கத்து மனையில் அதே வடிவில் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் ஆலயத்தை எழுப்பி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்த பிறகே பழையதைப் பிரிக்கிறார்கள். பிரித்த மரமும் வீணாவதில்லை. தோரணவாயிலாகவோ வேறு ஆலயங்களுக்கோ போகிறது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. இம்முறை எடுபிடி வேலை செய்யும் இளைஞன் அடுத்த முறை தலைமைத் தச்சனாக நிற்கலாம். இருபது ஆண்டு என்பது தொழில் கைமாறுவதற்குப் போதுமான காலம்.

உலகில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக் கட்டடங்கள் நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோர்யூஜி என்னும் பௌத்தக் கோயிலில் இருக்கின்றன. அவையும் தாமாக நின்றுவிடவில்லை. தேவைப்பட்டபோதெல்லாம் பிரித்து, உளுத்த பகுதியை மாற்றி, மீண்டும் பூட்டிய தச்சர்களால் நிற்கின்றன. 1949-இல் அங்கே தீப்பற்றிச் சுவரோவியங்கள் கருகின. அந்த அதிர்ச்சியில் பிறந்த 1950-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடங்களோடு கண்ணுக்குத் தெரியாத கலைத்திறனையும் காக்க வேண்டிய சொத்தாகச் சேர்த்தது. நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

அந்த ஹோர்யூஜியின் தச்சர் குடும்பத்தில் வந்தவர் சுனேகசு நிஷியோகா. பழைய மரங்களில் பதிந்திருந்த உளித்தடங்களைப் படித்து, வழக்கொழிந்துபோன ஈட்டிமுனை இழைப்புக் கருவியை மறுபடி செய்வித்தார். நாராவின் யாகுஷிஜி என்னும் பௌத்தக் கோயிலில் 1528-இல் எரிந்த மேற்குக் கோபுரம் அவர் தலைமையில் 1981-இல் எழுந்தது. பழைய கிழக்குக் கோபுரத்தைவிட அதைச் சற்று உயரமாகவே கட்டினார். நூற்றாண்டுகள் போகப் போக மரம் சுருங்கி, பாரத்தில் அமர்ந்து இறங்கும் என்பது அவர் கணக்கு. தாம் பார்க்கப்போகாத காலத்துக்கு அளவெடுத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நகோயா கோட்டையின் கதை வேறு. 1945-இல் குண்டுவீச்சில் எரிந்த அதன் பெருங்கோபுரத்தை 1959-இல் கான்கிரீட்டில் கட்டினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018-இல் மூடிவிட்டார்கள். அறுபது ஆண்டுகூட ஆகவில்லை! அதை மரத்திலேயே மீண்டும் கட்டும் திட்டத்தைப் பெருஞ்செலவு என்று எதிர்க்கிறார்கள். செலவு பெரிதுதான். ஆனால் அத்தனை பெரிய மரவேலை இனி இளம் தச்சர்களுக்கு எங்கே கிடைக்கும்? கட்ட வேண்டும் என்பதே என் கருத்து. சக்கர நாற்காலியில் வருபவரும் உச்சிவரை போகும்படி கட்ட வேண்டும்.